முகாமில் நான் ஆற்றிய உரை

ஒலிவாங்கியைக் கையில் வாங்கினால் எளிதில் திருப்பித் தராதவர்கள் சிலர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன் என்று, பாடசாலை அதிபராக இருந்த காலத்தில் எவரும் என்னிடம் சொன்னதில்லை. (சொல்லியிருந்தால் அவருக்கு இடமாற்றம் கிடைத்திருக்கும்.)

நோட்டன் பிரிட்ஜ் என்ற மலையூருக்கு அருகில், மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை இழந்த குடும்பங்கள் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தன. அவர்களின் உடல்நிலையை ஆராய வந்த குழுவின் தலைவி, இளம் மருத்துவர் நிர்மலா. அந்நியர் கேட்டால் மக்கள் நம்பமாட்டார்கள் என்று என்னை அழைத்திருந்தார்.

"விருப்பம் இருந்தா மட்டும் ஆய்வுக்கு ரத்தம் குடுக்கலாம், குடுக்காட்டி ஒண்ணும் குறையாது. இதைச் சொன்னாப் போதும் ஐயா."

இதை மட்டும் சொல்வதற்கு நான் எதற்கு? கழுத்துப்பட்டி அணிந்து சென்றேன். குடியுரிமை, காணியுரிமை, தனி வீடு, அரசின் கடமை என்று விரிவாகப் பேசினேன். ஆய்வுக்கு இறுதியில் ஒரு வாக்கியம் ஒதுக்கினேன்.

பேசி முடித்ததும் மண்டபமே வரிசையில் நின்றது. அதுவரை மறுத்தவர்களும் சட்டைக் கையை மடித்திருந்தார்கள். பெருமிதத்துடன் நிர்மலாவைப் பார்த்தேன்.

அவர் முதலில் நின்ற லெட்சுமியிடம் கேட்டார். "இது எதுக்குன்னு விளங்கிச்சாக்கா?"

"விளங்கிச்சுங்க. ரத்தம் குடுத்தா வீடு கெடைக்கும். ஐயாவே சொல்லிட்டாருங்களே. கினிகத்தேனையில ரூம் பார்த்துத் தாரேன்னு அண்ணன் சொன்னாரு. வேணாம்னு இப்பதான் போன் பண்ணினேன்."

நிர்மலா ஊசியைக் கீழே வைத்தார். "இப்ப யாருக்கும் எடுக்க மாட்டேன். நீங்களே ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க ஐயா."

வரிசை கலைந்து, அவரவர் தங்கள் பாய்க்குத் திரும்பினார்கள். நான் பாய் பாயாகப் போனேன். முதல் பாயில், "எதிர்பாராத விதமாக எனது கருத்து..." என்று தொடங்கினேன்.

"கெடைக்குமா, கெடைக்காதாங்க?" என்றார் அங்கிருந்த பெரியவர்.

"கிடைக்காது."

அவர் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அடுத்த பாய்களில் அந்த ஒரு சொல்லையே சொன்னேன். அத்தனை சிறிய உரையை அதற்குமுன் நான் நிகழ்த்தியதில்லை.

லெட்சுமியின் அண்ணனுடன் நானே தொலைபேசியில் பேசினேன். "தங்கள் சகோதரியின் முடிவு என் சொற்பொழிவின் விளைவாக நேர்ந்த..."

"போனைத் தங்கச்சிகிட்ட குடுங்க ஐயா."

கொடுத்தேன். அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "ரூம் இன்னும் இருக்கு. வந்து சேரு. அந்த ஐயாவை மட்டும் கூட்டிக்கிட்டு வந்துராத."

பலர் மறுத்துவிட்டார்கள். சிலர், வீடு இல்லையென்று தெரிந்தே கை நீட்டினார்கள். லெட்சுமி இரத்தம் கொடுக்காமலே புறப்பட்டாள். நிர்மலா அவளை வாசல்வரை சென்று வழியனுப்பினார்.

இப்போது என்னை எங்கே பேச அழைத்தாலும் என் மனைவி முந்திக்கொள்கிறாள். "பேசுவாருங்க. வீடு கெடைக்காதுன்னு மொதல்லயே சொல்லிருங்க." கல்யாண வீடுகளில் இதற்கு நல்ல சிரிப்பு. நானும் சிரித்துவைப்பேன். மண்டபத்தில் இன்னும் இருப்பவர்கள் அதையே சொல்லும்போது மட்டும் என்னால் முடிவதில்லை.