மின்விசிறிக்கு மேல் ஒரு தாள்

கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் குடிநீர் அலுவலக மேலாளர் வெடுக்கென்று பிய்த்தார்.

"சார், அது என் பாஸ்வேர்டு," என்றார் தட்டச்சு அக்கா.

"அதனாலதாம்மா பிய்க்கிறேன். போறவன் வர்றவன்லாம் படிப்பான்."

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வாரம் கணினிப் பாதுகாப்புத் துறை எல்லா அரசு அலுவலகங்களையும் சொல்லாமல் கொள்ளாமல் சோதித்து, எது அதிகப் பாதுகாப்பாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பட்டியல் போடப்போகிறது. கடைசியில் வருகிற அலுவலகத்தின் மேலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். போன வருடம் எழுந்து நின்றவர் இவர்தான். முதலிடம் மேல்மாடி வரி அலுவலகத்துக்கு. அதன் மேலாளர் இவருடைய மனைவி. முன்வரிசையில் உட்கார்ந்து அவர் சிரிப்பை அடக்கியதை நினைத்தால் இவருக்கு இன்னமும் சாப்பாடு இறங்குவதில்லை.

"எல்லாரும் பாஸ்வேர்டை மாத்துங்க. பதினாறு எழுத்து. பிள்ளைங்க பேரெல்லாம் கூடாது."

மாற்றினார்கள். அரை மணி நேரத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. குழாய் இணைப்புக்காக வந்தவர்களின் வரிசை வாசற்படி தாண்டிப் போனது. மேலாளரே முட்டி மோதி மறுபடி மாற்றிக்கொடுத்து, அத்தனையையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டார். அதை வைக்கத்தான் இடமில்லை. பீரோவுக்குப் பூட்டு கிடையாது. மேசை இழுப்பறை மூடவே மூடாது.

"ஃபேன் மேல இருக்கிற மூடிக்குள்ள சொருகிடட்டுமா சார்? யார் கையும் எட்டாது."

ஏணி மேல் நின்றவர்தான் கேட்டார். விசிறி நின்றுபோய் இரண்டு வருடம். ஒன்பது கடிதம் போட்டும் நாதியில்லை. காலையில் ஒருவர் ஏணியோடு வந்து நின்றதும் மேலாளர் அவரைப் புது மாப்பிள்ளையைப் போல உள்ளே அழைத்து வந்திருந்தார்.

"உங்க மூளை இங்க ஒருத்தருக்கும் இல்லையே," என்று தாளை நீட்டினார். "மேல்மாடியில இருக்கிறது என் வீட்டம்மாதான். இந்த வருஷம் அவங்க எழுந்து நிக்கட்டும்."

கணினிகளோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டு கேட்டன.

"அண்ணே, என்னோடது என்னண்ணே?"

ஏணிக்காரர் தாளை உருவி உரக்கப் படித்தார். "நட்சத்திரம், ரெண்டு, அப்புறம் ஏழு..."

தட்டச்சு அக்கா தப்பாகத் தட்டினார்.

"ரெண்டுக்கு அப்புறம் ஏழும்மா," என்று வரிசையில் நின்ற பெரியவர் திருத்தினார்.

மேலாளருக்குப் பகீரென்றது. "வெளியாளுங்க எல்லாரும் வெளிய போங்க. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்க."

பெரியவர் முணுமுணுத்தபடி வெளியேறினார். உள்ளே வியர்வை ஆறாக ஓடியது. ஏணிக்காரர் மட்டும் முகம் சுளிக்காமல் மாலைவரை படித்துக்கொண்டேயிருந்தார்.

ஐந்து மணிக்கு அவர் சுவிட்சைத் தட்டினார். விசிறி சுற்றியது. மேலாளர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.

"என்ன சொல்றீங்க, நம்ம ஆபீஸை யாராவது அசைக்க முடியுமா?"

ஏணிக்காரர் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். கணினிப் பாதுகாப்புத் துறை என்றிருந்தது. பக்கத்திலேயே அந்தத் தாளையும் வைத்தார்.

மேலாளர் தாளை அவசரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மத்த ஆபீஸும் இப்படித்தானே இருக்கும்?"

"நேத்து மேல்மாடியில உங்க வீட்டம்மா, என் ஏணியைக்கூட உள்ள விடல சார்."