வெங்காயத் தோட்டத்துப் பம்பும் கோபிகாவின் குரலும்

கரவெட்டி,
ஞாயிறு காலை.

அன்புத் தங்கச்சி தக்சாயினிக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் மச்சானும் மருமகளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

போன கிழமை தொலைபேசியில், "அண்ணை, மகள் அறைக்குள்ளை வயலினை வடிவாய் வாசிக்கிறாள். நாலு ஆக்களைக் கண்டால் வில்லு நடுங்குது. எத்தினை பிள்ளையளைக் கண்டனீங்கள், ஒரு வழி சொல்லுங்கோவன்" என்று கேட்டாய். கணக்கு வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். பிறகு உன் நினைவுதான் வந்தது. பள்ளிக்கூட நவராத்திரிப் பூசையில் தேவாரம் பாட வந்து, முதல் சொல்லோடு நின்றுவிட்டாய். மண்டபமே சேர்ந்து உனக்காகப் பாடி முடித்தது. வீடு வரும்வரை, "நல்லாப் பாடினனான், என்ன?" என்று என்னைக் கேட்டபடியே வந்தாய்.

எனக்குத் தெரிந்தது உதாரணம் சொல்வது மட்டும். அதனால் பக்கத்து வீட்டுச் செல்வரட்ணத்தின் மகள் கோபிகாவின் கதையைக் கேள். போன வருடம் சங்கீதப் பரீட்சையில் அவள் வாயே திறக்கவில்லை. பரீட்சகர் இரங்கித் தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டாள். "தண்ணி குடிக்கவோ உன்னை இவ்வளவு தூரம் கொண்டுபோனனான்?" என்று தகப்பன் கத்தினான். இந்த வருடமும் பாடாவிட்டால் சங்கீத வகுப்பு நிறுத்தம் என்று தாய் சொல்லிவிட்டாள்.

பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா, செல்வரட்ணம் இன்னமும் எங்கள் ஐயா வைத்திருந்தது போன்ற மண்ணெண்ணெய்ப் பம்பால்தான் வெங்காயத்துக்கு இறைக்கிறான், அதே புகை, அதே மணம், கண்ணை மூடினால் ஐயா மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பதுபோலவே இருக்கும், அதைத் தொடக்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேளாது, ஆகவே இவள் இறைப்பு நாளெல்லாம் அதனருகே நின்று பாடத் தொடங்கினாள், நான் வேலிக்கு இப்பால் நின்று பார்த்தால் வாய் அசையுது, கை தொடையிலை அடிக்குது, சத்தம் மட்டும் இல்லை, பேய்தான் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோய்த் தாயிடம் சொன்னேன், தாய் நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போனாள், நூல் கட்டுகிறவரோ, "இது தாளம் தப்பாமல் முனகுது, பேய்க்கு இவ்வளவு கணக்கு வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பிள்ளை ஒரு இறைப்பையும் விடவில்லை. ஒருநாள் பாட்டின் நடுவில் எண்ணெய் தீர்ந்து பம்ப் நின்றுவிட்டது. அவள் குரல் மட்டும் தனியே தோட்டம் முழுக்கப் போனது. குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். கோபிகா விறைத்துப்போய் வாயை மூடினாள். புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த அருந்ததி அக்கா கூப்பிட்டுச் சொன்னாள்: "எடி பிள்ளை, ஏன் நிப்பாட்டினனீ? மிச்சத்தையும் பாடு. நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை!"

பிள்ளை சிரித்துவிட்டாள். பிறகு பாடினாள். பம்ப் இல்லாமல்.

பரீட்சையில் அவள் பம்போடு போட்டி போட்ட அதே குரலை எடுத்ததும் பரீட்சகர் பேனையை வைத்துவிட்டு, "பிள்ளை, நான் பக்கத்திலைதான் இருக்கிறன்" என்றாராம். வெளியே மரத்தடியில் நின்ற செல்வரட்ணம், ஒருவரும் கேளாமலே, "ஓம், அது என்ரை பிள்ளைதான்" என்று எல்லோருக்கும் சொன்னான். நேற்று முடிவு வந்தது. பிள்ளை சித்தியடைந்துவிட்டாள்.

தங்கச்சி, பயம் புத்திமதியால் போகாது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செய்து செய்துதான் போகும். ஆகவே நீ தினமும் மருமகளுக்குப் பக்கத்தில் இருந்து தாளம் போடு. இடைக்கிடை "பயப்படாதை" என்று சொல்.

மச்சானுக்கு என் அன்பு. மருமகளின் விரல்களுக்கு என் ஆசி.

உன் அண்ணை,
கேதீஸ்வரன்

பி.கு.: கோபிகா இப்போதுதான் மோதகத்தோடு வந்தாள். கடிதத்தைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியில் முகத்தைச் சுளித்து, "மாஸ்ரர், ஆராவது பக்கத்திலை இருந்து 'பயப்படாதை' எண்டு சொன்னால்தான் எனக்குப் பயமே வாறது" என்றாள். போன வருடம் இந்தப் பிள்ளை என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. ஆகவே மேலே சொன்ன புத்திமதியை வெட்டிவிடு. நாளைக்கு மருமகள் வயலினை எடுத்ததும், நீ குசினிக்குப் போய்க் கிறைண்டரைப் போடு.