தூக்குக்குண்டு சொன்ன விளையாட்டு வளாகம்

நகரசபைக் கூடத்தில் நாற்காலிகள் தீர்ந்துபோய் ஜன்னல் விளிம்புகளிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிறவர்கள், மட்டை பிடிக்கிறவர்கள், எதுவுமே விளையாடாமல் விளையாட்டைப் பற்றிப் பேச மட்டும் தெரிந்தவர்கள் என எல்லாரும் நூலில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டைப் பார்க்க வந்திருந்தார்கள். ஊரின் புதிய விளையாட்டு வளாகம் இன்னும் ஐம்பது வருடத்துக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் குண்டுக்குத் தெரியுமாம்.

சுவர் நேராக எழுகிறதா என்று கொத்தனார் பார்ப்பாரே, அதே தூக்குக்குண்டுதான். அசையாமல் தொங்குவது ஒன்றே அதன் தொழில். குண்டு ஞானி என்பவர் கையில் அது ஆடியது. ஆடியதால் அதற்கு ஞானம் வந்துவிட்டது.

முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் வளாகத்துக்கு வரைபடம் போட்ட பெண். அவள் படத்தில் ஆழமில்லாத ஒரு நீச்சல் குளம் இருந்தது. படிகள் இல்லை, தரையே மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும், இரு பக்கமும் கைப்பிடி. உடம்பின் பாரத்தில் பெரும்பங்கைத் தண்ணீர் சுமந்துகொள்வதால், தரையில் நடக்க முடியாதவரும் அங்கே நடக்கலாம். அவளுடைய அண்ணன் பேருந்து ஓட்டி ஓட்டி இடுப்பு தேய்ந்தவர். தண்ணீரில் நடந்து பழகினால் அறுவை சிகிச்சை இல்லாமலே தப்பிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கத்து ஊர்களில் எங்கும் அப்படி ஒரு குளம் இல்லை.

படத்தின் ஓரத்தில் பெரிய காலி இடமும் இருந்தது. அது எதற்கு என்று போன கூட்டத்தில் நகரசபைத் தலைவர் கேட்டார். நாளைக்கு என்ன விளையாட்டு வரும் என்று சொல்ல முடியாது, அதற்காக இடம் விட்டு, மின்சாரத்தையும் குழாயையும் மட்டும் அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்றாள். உள்ளரங்கின் சுவர்களைக்கூட நகர்த்தும்படிதான் போட்டிருந்தாள்.

"அப்ப உனக்கு எதிர்காலம் தெரியாதாம்மா?"

"தெரியாதுங்க."

தெரியாது என்றவளை ஓரம்கட்டிவிட்டு, தெரியும் என்றவரைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

குண்டு ஞானி கேள்விக்கு ஒரு கட்டணம் வாங்குவார். வாங்கும்போதே கேட்பவரின் ஆசை என்ன என்றும் விசாரித்துக்கொள்வார். குண்டிடம் சொல்லிவைக்க வேண்டுமல்லவா! டென்னிஸ் சங்கத்துக்கு டென்னிஸ்தான் எதிர்காலம் என்று வந்தது. சதுரங்கச் சங்கத்துக்குச் சதுரங்கம். கடைசியில் தலைவரின் கேள்வி. மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் நூல் குளத்தின் மேல் போய் வெடவெடத்தது.

"வருங்காலத்துல யாரும் தண்ணியில இறங்க மாட்டாங்க. குளத்தை எடுத்துட்டுப் பார்வையாளர் மேடை கட்டுங்க. உட்கார்ந்து பாக்கறதுதான் இனிமே விளையாட்டு."

கூடம் கைதட்டியது. மேடையில் பதிக்கத் தலைவர் பெயர் பொறித்த கல் முதல் நாளே தயாராகிவிட்டது என்பது வேறு விஷயம்.

அண்ணன் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். "அம்பது வருஷம் கழிச்சு யாரும் இறங்க வேண்டாம். அதுவரைக்கும் நான் இறங்கிக்கறேனே."

"கொஞ்சம் இருண்ணே" என்று தங்கை எழுந்தாள். ஞானியை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொன்னாள். படத்தைத் திசை மாற்றி வைத்து, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். ஐம்பது வருடத்தைத் தாண்டிப் பார்க்கிற குண்டு ஒரு துணியைத் தாண்டிப் பார்க்காதா என்று பணிவாகக் கேட்டாள். கூட்டத்துக்கு ஒரே குஷி. இன்னும் பெரிய அதிசயம் நடக்கப்போகிறதே!

ஞானி வந்தார். வியர்த்தார். குண்டு சுழன்று சுழன்று மேடைக்கு ஓரிடத்தைக் காட்டியது. துணியை எடுத்தார்கள். பார்வையாளர் மேடை நடுச்சாலையில், பேருந்து நிறுத்தத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

கூட்டம் முதல்முறையாக யோசித்தது. யோசித்துப் பழக்கமில்லாததால் விளைவு விபரீதமாகிவிட்டது.

"சாலையை மாத்திடலாம்" என்றார் பொருளாளர். தலைவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தங்கை கோபப்படவில்லை. நூலை வாங்கி ஒரு கேமரா தாங்கியில் கட்டினாள். குண்டு ஆடாமல் தொங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள். அப்போதும் தொங்கியது.

"கோவிச்சுக்கிச்சு" என்றார் டென்னிஸ்காரர்.

கோபமில்லை, தாங்கிக்கு விரல் இல்லை என்று அவள் விளக்கினாள். மனம் ஓரிடத்தை நினைத்தால் விரல் அந்தப் பக்கம் மயிரிழை நகரும். நகர்ந்தது நமக்கே தெரியாது. அது மறுபடி மறுபடி நடக்கும்போது, ஊஞ்சலைத் தட்டிவிடுவதுபோல, கீழே குண்டு பெரிதாக ஆடும்.

"என்னை நம்பாதீங்க. நீங்களே பிடிச்சுப் பாருங்க. உங்களுக்கு வேண்டியதை மட்டும் நினைங்க."

டென்னிஸ்காரர் பிடித்தார், குண்டு டென்னிஸ் திடலுக்கு ஓடியது. கைக்குழந்தையோடு வந்த பெண் பிடித்தாள். நிழலும் கழிப்பறையும் இருந்த பக்கம் போனது. அண்ணன் பிடித்தார், குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தலைவர் மாட்டேன் என்றார். கூட்டம் விடவில்லை. பிடித்தார், படத்தில் தன் பெயர்க்கல்லுக்கு அவரே குறித்துவைத்திருந்த இடத்துக்கு நேராகப் போனது. அதற்கு எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வாசல் வரை நழுவிவிட்ட ஞானியைச் சங்கத்துக்காரர்கள் மறித்தார்கள்.

"நான் என்ன தப்பு சொன்னேன்? நீங்க கேக்க வந்ததைத்தானே சொன்னேன்?" என்றவர், குண்டையாவது கொடுங்கள் என்று கெஞ்சினார்.

"அது கொத்தனார் சாமான். குளத்துச் சுவர் நேரா எழும்பணும்" என்றார் அண்ணன்.

குளம் படத்துக்குத் திரும்பியது. பித்தளைக் குண்டு இப்போது எழும்பிவரும் அதன் சுவரோரம் அசையாமல் தொங்குகிறது. அதற்குத் தன் வேலை தெரிந்துவிட்டது. எதிர்காலம் தெரியும் என்று இன்னொருவர் வந்தால் அவர் முன்னால் ஒரு துணியைப் போர்த்திப் பாருங்கள். அதற்கு முதலில் உங்கள் மூளை மேல் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும்.