விலாசம் மாறி வந்த வசனம்

எங்கள் சபையார் வேதத்தின்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். வாசிக்கிறீர்களா என்று கேட்கிறவன் வெளியூர்க்காரனாக இருப்பான். அத்தனை பக்கத்தையும் புரட்டி, இதில் நமக்கு எது என்று தேடுவதற்குள் ஆயுசே போய்விடும். அதற்காகத்தான் வாக்குத்தத்தச் சீட்டு. புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும், வசனம் அச்சடித்த சீட்டு ஒன்றை டப்பாவிலிருந்து குடும்பத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்வார். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது அவ்வளவுதான். ஆசீர்வாதம், பெருக்கம், சத்துரு சிதறிப்போவது. மற்றதெல்லாம் அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொன்னது.

1996-ல் ஒரு பிசகு நடந்துவிட்டது. சபைச் செயலாளர் ஞானசிகாமணி அண்ணாச்சி எடுத்த சீட்டில், விதவையை ஒடுக்காதே, அவள் அழுது முறையிட்டால் எனக்குக் கேட்கும் என்று போட்டிருந்தது.

அண்ணாச்சி ஓய்வுபெற்ற தாசில்தார். யாரும் அவரை அப்படி எச்சரித்துப் பழக்கமில்லை. தவிர, கோயில் வளவில் ஓர் ஓட்டு வீட்டில் தங்கத்தாய் என்ற விதவை இருந்தாள். அவள் புருஷன் இருபத்திரண்டு வருஷம் கோயில் மணி அடித்தவர். அவர் போய்ச் சேர்ந்ததும், ஜனவரி முப்பத்தொன்றுக்குள் வீட்டைக் காலி செய்யும்படி அண்ணாச்சிதான் நோட்டீஸ் கொடுத்திருந்தார். அந்த இடத்தில் ‘அன்பின் விருந்து மண்டபம்’ வரவிருந்தது. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பத்தமடையில் தங்கச்சி வீட்டுத் தாழ்வாரத்தைத் தவிர வேறு போக்கிடமும் கிடையாது.

அவசரக் கமிட்டி கூடியது. நான் விக்கிரமசிங்கபுரம் மில்லில் கிளார்க். கமிட்டியில் பேசி முடிவாவதை நடபடிப் புத்தகத்தில் எழுதுகிறவன். சீட்டு அச்சடித்து வாங்கி வந்தவர், கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை பிச்சைக்கண்ணு. அவரை நிற்க வைத்து விசாரித்தார்கள்.

“இந்த வசனம் எங்கன இருந்துவே வந்தது?”

“வேதத்துல இருந்துதான் அண்ணாச்சி.”

“வேதத்துல ஆயிரம் இருக்கும்வே. டப்பாவுக்குள்ள எப்படி வந்தது?”

“நம்ம சபையில நூத்தியெழுவது குடும்பம். நல்ல வசனம் நூத்தியறுவத்தொம்பதோட தீந்துட்டு. ஒண்ணு குறையுதேன்னு கண்ணுல பட்டதைப் போட்டுட்டேன்.”

ஐயர், அதாவது எங்கள் குருவானவர், “வசனம் யாருக்கு வந்துச்சோ அவருக்குத்தான்...” என்று தொடங்கினார். மே மாதம் அவருக்கு மாற்றல் வரவேண்டியிருந்தது. வாக்கியத்தை முடிக்கவில்லை.

அண்ணாச்சி தாலுகா ஆபீஸ் அனுபவத்தை வைத்து முடிச்சை அவிழ்த்தார். “இதுல விதவைன்னு போட்டிருக்கா? போட்டிருக்கு. நான் விதவையா? இல்ல. அப்போ இது விலாசம் மாறி வந்த தபால்வே! உரிய ஆள்கிட்ட சேத்துர வேண்டியதுதானே?”

அடடா, இவ்வளவு லேசான விஷயமா என்று எல்லாரும் மூச்சுவிட்டோம். ‘மேற்படி வசனம் சம்பந்தப்பட்ட விதவையிடம் ஒப்படைக்கப்பட்டு, அன்னார் கைவசமுள்ள சீட்டு செயலாளர் வசம் பெறப்பட வேண்டியது’ என்று தீர்மானம் எழுதினேன்.

அண்ணாச்சியும் நானும் போனோம். தங்கத்தாய் தன் சீட்டைச் சோற்றுப் பருக்கை வைத்துக் கதவில் ஒட்டியிருந்தாள். உன்னைக் கைவிடவே மாட்டேன் என்ற வசனம். விஷயத்தைச் சொன்னோம்.

“விதவையை ஒடுக்காதன்னு எனக்கா வந்திருக்கு? நான் யாரய்யா ஒடுக்கப்போறேன்?”

“அதைத்தான் நீ பாத்து நடந்துக்கிடணும்” என்றார் அண்ணாச்சி.

“அப்போ என் வீடு?”

“வீடு லோக காரியம். வசனம் ஆவிக்குரியது. ரெண்டையும் போட்டுக் குழப்பாத.”

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். நகத்தால் சீட்டைப் பையச் சுரண்டி எடுத்து நீட்டினாள். “கொண்டு போங்கய்யா. ஆண்டவர் கைவிட்டுருவாரோன்னு எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்ல. உங்களுக்குத்தான் இருக்கு போல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே அவளிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினேன்.

முப்பத்தொன்றாம் தேதி இரண்டு மூட்டையோடு அவள் பத்தமடை பஸ் ஏறினாள். வீட்டைப் பெருக்கப்போன பிச்சைக்கண்ணு, அந்த விதவைச் சீட்டு தரையில் கிடந்ததென்று கொண்டுவந்து மேஜையில் வைத்தார். யாரும் தொடவில்லை. மறுபடியும் கமிட்டி கூடியது. சபையில் மிச்சமுள்ள விதவைகளுக்கெல்லாம் சம்பாதிக்கிற மகன்மார் உண்டு. ஆகவே அவர்கள் ‘தாய்மார்’ என்ற தலைப்பில் வருவார்கள். ‘தற்போது சபையில் விதவை எவரும் இல்லாதபடியால், மேற்படி வசனம் நம் சபைக்குப் பொருந்தாது’ என்று ஏகமனதாக நிறைவேறியது. கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தன்.

அன்று சாயங்காலம் வீட்டில் தீர்மானத்தை வாசித்துக் காட்டினேன். வாசகம் நன்றாக அமைந்திருந்ததாக எனக்கு ஓர் எண்ணம். எங்களுக்கும் பிள்ளை கிடையாது. இருப்பது மில் குவார்ட்டர்ஸ்.

என் வீட்டுக்காரி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். “நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, நான் எங்கன போகணும்? அதையும் எழுதியாச்சா?”

“என்ன பேச்சு பேசுத நீ!” என்று சத்தம் போட்டு, சட்டைப்பையிலிருந்த எங்கள் வீட்டுச் சீட்டை எடுத்துக் காட்டினேன். நீடித்த ஆயுசு என்று தெளிவாகவே போட்டிருந்தது.

வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வாசித்தாள்.

“இது டிசம்பரோட முடிஞ்சிரும்லா?” என்றாள்.