டபுள் பார்க் செய்துவிட்டு தியானம்

சும்மா இருப்பது எனக்கு வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கணக்கு வராது, எனக்கு இது. முடி வெட்டும் கடையில்கூட நான் அடங்கி உட்கார மாட்டேன் என்பதற்கு என் வலது காதோரத் தழும்பே சாட்சி. கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலுக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. அங்கே ஒரு போன் அடித்தால் இரண்டு போனை எடுக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனை வருடத்தின் கடைசி நாளில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னாள் என் தங்கை வாணி. அவளைத்தான் சொல்ல வேண்டும்.

வாணி வங்கி வேலையை விட்டுவிட்டு யோகா ஆசிரியை ஆனவள். அந்தக் கோபத்தில் அப்பா பல மாதம் அவளோடு பேசவில்லை (பேசியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்). தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் அவளுக்கு ஒரு ஹால் கிடைப்பதுபோல் இருந்தது. ஹாலின் சொந்தக்காரர் ரோசலின் ஆன்டி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. முதலில் ஒரு வகுப்பு நடத்திக் காட்டு, சத்தம் கித்தம் இல்லாமல் நடந்தால் வாராவாரம் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். வாணி அதற்கு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையைத் தேர்ந்தெடுத்தாள். கொஞ்ச நேரம் ஆசனங்கள், பிறகு கண்மூடிப் படுத்து, போகிற வருடத்தை நிதானமாக நினைத்துப் பார்த்து வழியனுப்புவது. அதுதான் திட்டம்.

ஆள் குறைந்தால் அசிங்கம் என்று என்னையும் கூப்பிட்டாள். பயந்துகொண்டேதான் கூப்பிட்டாள்.

"அண்ணே, நடுவுல மட்டும் எழுந்திரிச்சிடாத. நீ எழுந்தா மத்தவங்களும் எழுந்திரிச்சிடுவாங்க. இந்த ஹால் போச்சுன்னா நான் மறுபடியும் பேங்குக்குத்தான் போகணும்."

கூரை இடிந்து விழுந்தாலும் அசைய மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

என் மனைவி கோமதி ரயிலில் போகச் சொன்னாள். ரயிலுக்குக் காத்திருக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? காரை எடுத்தேன். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சுற்றியும் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. நேரம் வேறு ஆகிவிட்டது. நம் ஊர் வழக்கப்படி, ஒழுங்காக நின்றிருந்த ஒரு சின்ன வெள்ளைக் காரை மறித்து டபுள் பார்க் செய்தேன். வழக்கத்தின் மறுபாதியையும் மறக்கவில்லை. முன் கண்ணாடிக்குள் என் போன் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்தேன். மாட்டிக்கொண்டவர் கூப்பிடுவார், நாம் ஓடி வந்து காரை எடுப்போம், இரண்டு பேரும் கையைக் காட்டிவிட்டுப் போவோம். இந்த நாட்டில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது.

மேலே போனதும் வாணி எல்லோருடைய போனையும் சைலன்டில் போடச் சொல்லி, வாங்கி, ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நானும் என் போனைப் பெருமையாகக் கொடுத்தேன். மண்டையில் ஒன்றுமே உறைக்கவில்லை.

ஆசனங்களை எப்படியோ சமாளித்தேன் (குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னாள், நான் முழங்காலைத் தொட்டு ஒப்பேற்றினேன்). பிறகு எல்லோரும் படுத்தோம். வாணி மெல்லிய குரலில் மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். நான் மின்விசிறியைக் கவனித்தேன். மூக்கு அரித்தது. பிறகு முதுகு அரித்தது. நாளைக்குச் சமையல் என்ன என்று யோசித்தேன். அப்போதுதான் கீழே ஒரு ஹார்ன் சத்தம் கேட்டது.

முதலில் மரியாதையாகச் சின்னதாய் ஒன்று. கொஞ்சம் இடைவெளி. பிறகு கையை எடுக்காமல் ஒரே நீளமாக. பிரிக்பீல்ட்ஸில் அந்த நீள ஹார்னுக்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. எவனோ ஒரு மடையன் வண்டியை மறித்து நிறுத்தியிருக்கிறான். அந்த மடையன் யார் என்று யோசிக்கும்போதே தாம்பாளத்தில் ஒரு போன் கிர்ர்ர் என்று அதிர்ந்தது.

"வெளியில வர்ற சத்தம் நம்ம பிரச்சினை இல்ல," என்றாள் வாணி. "இந்த வருஷம் நம்மளால யார் யாருக்குச் சிரமம்னு மட்டும் நினைச்சுப் பாருங்க."

எனக்கு நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஆள் கீழே ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தார். எழுந்தால் தங்கையின் பிழைப்பு போகும், படுத்திருந்தால் சத்தத்தில் அதே பிழைப்பு போகும். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஹாலில் படுத்திருந்த அத்தனை பேரும் கண்ணை அகலத் திறந்து கூரையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கை சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது. அடப்பாவிகளா, எல்லோருமே டபுள் பார்க்!

எழுந்தேன். அவ்வளவுதான், மொத்த ஹாலும் எழுந்தது. வாணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் படியிறங்கி ஓடினேன், காலில் செருப்புகூட இல்லாமல். பதற்றம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். வெள்ளைக் காருக்குள் இருந்த அம்மாளிடம் போய், மேலே தியானம் நடக்கிறது, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று சீறினேன்.

அவர் கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, மேல இருக்கிறது என் ஹாலு. இது என் காரு. உன் காரு எது?"

ரோசலின் ஆன்டி. அன்று சாயங்காலப் பூசைக்கு சர்ச்சில் பூ அலங்காரம் அவர் பொறுப்பு. பின் சீட்டு முழுக்கப் பூ. எனக்குப் பின்னால், கையில் சாவியோடு, வாணியின் மாணவர்கள் படியெல்லாம் நின்றார்கள்.

"ஆன்டி, தப்பு என் மேல. நான் அவ அண்ணன். அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்றேன். உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது.

ஆன்டி படிகளைப் பார்த்தார். பிறகு பூக்களை அள்ளி என் காரில் போடச் சொன்னார். "நீ கொண்டுபோய் சர்ச்சுல குடு. நான் மேல போய் உன் தங்கச்சிகிட்ட பேசிக்கிறேன்."

'பேசிக்கிறேன்' என்று ஓர் ஆசிரியை சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாணியின் ஹால் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். சர்ச்சில், வகுப்புக்கென்று வாணி கொடுத்திருந்த வெள்ளை ஜிப்பாவும் வெறுங்காலுமாக நின்றேன். பூ அலங்கரிக்கும் ஆன்டிகள் ஏன் தாமதம் என்று கேட்டபோது, "ரோசலின் ஆன்டி ஹால்... யோகா..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வாழ்நாளில் முதல்முறை. அவர்கள் கொடுத்த பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றேன். யோகா மாஸ்டர், எவ்வளவு சாந்தம் பாருங்கள் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டது, எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

திரும்பி வந்தபோது ஹாலில் குறட்டைச் சத்தம். திட்டப் போன ரோசலின் ஆன்டி, ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள் என்று வாணி அழுதுகொண்டே கெஞ்சியதில், சேலையோடு பாயில் படுத்துத் தூங்கிப்போயிருந்தார். மற்றவர்கள் சுற்றிலும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். விழித்ததும் ஆன்டி, வருடம் முழுக்க இப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்றார். சத்தமே இல்லாமல் வகுப்பு நடத்துகிறாய் என்று வாணியைப் பாராட்டி ஹாலையும் கொடுத்தார். அன்று அங்கே கேட்ட பெரிய சத்தம் அவருடையதுதான். யார் சொல்வது?

பிரச்சினை ஜனவரியில் தொடங்கியது. சர்ச் ஆன்டிகள் கூட்டமாக வகுப்பில் சேர வந்து, அந்த அமைதியான மாஸ்டர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். என் தங்கை கொஞ்சம்கூடக் கூசாமல் சொல்லியிருக்கிறாள்:

"பெரிய மாஸ்டர் மௌன விரதம். வருஷக் கடைசி நாள் மட்டும்தான் வெளிய வருவாரு."

அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றும் நான் வெள்ளை ஜிப்பா போட்டு அந்த சர்ச்சில் பூ பிடிக்கப் போகிறேன். வாயைத் திறந்தால் வாணியின் வகுப்பில் பாதி காலி. பேச முடியாமல் நிற்கும்போது, அந்த வருடம் யாரிடம் எரிந்து விழுந்தேன், யாரைக் காக்க வைத்தேன் என்று எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து தொலைக்கிறது. கால் துடிக்கிறது, நாக்கு துடிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். போன தடவை ஓர் ஆன்டி, "இந்த மாதிரி ஒரு நிம்மதியான மனுஷனோட குடும்பம் நடத்தக் குடுத்து வச்சிருக்கணும்" என்று, கூட வந்திருந்த கோமதியிடம் சொன்னார். கோமதி பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். அவள் சிரித்து முடித்துத் திரும்பி வரும்வரை, அந்தக் கூடையையும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.