காந்தி ஜெயந்தியில் ஒரு கறி விருந்து

அரசு விடுமுறை என்றால் நமக்குத்தான் விடுமுறை, மற்றவர்களெல்லாம் நமக்காகக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தவன் நான். (படித்தவன்தான். நம்பிச் சென்னையில் வேலையும் கொடுத்திருந்தார்கள்.)

அக்காவுக்குக் கல்யாணமான புதிது. ஆலங்குடியிலிருந்து அவள் மாமனார், மாமியாரை வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அழைத்துக் கறி விருந்து வைக்க வேண்டும். அக்காவுக்கு ஸ்கூல், மச்சானுக்கு பேங்க், எனக்குக் கம்பெனி. ஒருவருக்கு லீவு கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காது. நான்தான் காலண்டரைப் புரட்டி அக்டோபர் இரண்டைக் கண்டுபிடித்தேன்.

“இந்தியா முழுக்க லீவும்மா!” என்றேன் பெருமையாக.

அக்காவின் மாமனார், கல்யாணப் பந்தியிலேயே “சாம்பார்தானா?” என்று பெருமூச்சு விட்ட மனிதர். அதனால் அம்மா விடிவதற்குள் மசாலாவை வண்டி வண்டியாக அரைத்து வைத்துவிட்டாள். நான் தூக்குவாளியோடு கறிக்கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்திலேயே கடைக்காரர் வீடு. கதவைத் தட்டினேன். பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

“அண்ணே, கடை எப்ப தொறப்பீங்க?”

“நாளைக்கு, தம்பி. இன்னைக்கு காந்தி ஜெயந்தில்ல? ஆடு வெட்டக் கூடாது.”

“கொஞ்சமா வெட்டினா?”

“ஆட்டுக்கு உசுரு கொஞ்சமாவா போகும்?”

பைக்கைப் புதுக்கோட்டைக்கு முறுக்கினேன். அங்கேயும் தெருத் தெருவாக அலைந்தேன். ஊரே அகிம்சையில் இருந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் ஆலங்குடி கார் நின்றது. எல்லோரும் என்னையும் காலி வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் வாளியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். (திட்டியிருக்கலாம்.)

மாமியார்தான் அம்மாவிடம் கேட்டார்: “மசாலு அரைச்சாச்சா மதினி?”

“அது ஆச்சு...” என்று இழுத்தாள் அம்மா.

“அப்பறம் என்ன? தம்பி, ஓடிப்போயி முட்டை வாங்கிட்டு வாங்க. நான் அடுப்பப் பாத்துக்குறேன்.”

முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனவர், “இங்கிட்டு வா ஆத்தா, வெங்காயத்த உரி” என்று அக்காவைக் கூப்பிட்டார். அதுவரை அவர் எதிரில் “சரிங்க” தவிர வேறு வார்த்தை பேசாதவள் அக்கா. நான் முட்டையோடு வந்தபோது உள்ளே இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரைப் பற்றி என்று கேட்க வேண்டியதில்லை. அக்காவின் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இன்றுவரை அந்த மாமியாரை மனதில் கும்பிடுகிறேன்.

கறிக்கு அரைத்த மசாலாவில் முட்டைக் குழம்பு. மாமனார் மூன்றாம் முறை சோறு வாங்கிப் பிசைந்தபடி வாயைத் திறந்தார்: “காந்தி நல்ல மனுசன்யா.”

இப்போதும் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷத்துக்கு நாள் குறித்தாலும், அது என் கல்யாணமாகவே இருந்தாலும், முதல் போன் அந்த மாமனாரிடமிருந்து எனக்குத்தான் வரும்.

“தம்பி, தேதி சொல்றேன், குறிச்சுக்கங்க. அன்னைக்கு ஆட்டுக்கும் லீவான்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்துத்தான் சொல்கிறேன்.