சம்பந்திக்கு வாங்கிய அம்பு முனைகள்

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. சம்பந்தியிடம் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டும் யாரும் சொல்லித்தராமலே வந்துவிடுகின்றன. முதலாவதைக் கடைப்பிடித்துக் கெட்டவர்கள் உண்டு. இரண்டாவதைக் கடைப்பிடித்துக் கெட்டவர்களும் உண்டு. நான் இரண்டையும் ஒரே காலையில் கடைப்பிடித்தேன்.

என் மகள் ஆரணி கட்ட விரும்பிய மாத்தியூ, எங்கள் நகரத்துக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற லொங்குய்யில் பிறந்து வளர்ந்த கியூபெக் பெடியன். குணமான பிள்ளை. (ஏதாவது குறை அகப்படுமா என்று நானும் மனைவி சாந்தினியும் பொறுமையாகத் தேடிப் பார்த்தோம். ஒன்றும் அகப்படாதது எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.) கோயிலில் கல்யாணம், ஐயர், தாலி, கூறைச்சேலை எல்லாவற்றுக்கும் அவர்கள் பக்கம் ஓம் என்று சொல்லிவிட்டார்கள். காரியம் வந்து சிக்கியது மாத்தியூவின் தகப்பன் ரெஜானின் மேல்சட்டையில்.

ரெஜான் ஓய்வுபெற்ற உதவி அதிபர். கோடைகாலத்திலும் கழுத்துப் பொத்தானைப் பூட்டி வைத்திருக்கிற மனிதர். எங்கள் கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், மாப்பிள்ளையின் தகப்பன் வேட்டி சால்வையோடு மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவர் தன் கோப்பிக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அவர் கோட்டு சூட்டோடு மண்டபத்து ஓரத்தில் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெடியனின் ஆட்களுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லையாம் என்ற கதை, முதல் பந்தியில் பாயாசம் வருவதற்கு முன்னரே ரொறன்ரோ போய்ச் சேர்ந்துவிடும். ஆரணிக்கு ஊர்க்கதை பொருட்டில்லை. இரண்டு தகப்பன்மாரும் ஒரே மாதிரித் தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அதை அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தாள். பெரிதாக எதையும் கேட்டுப் பழகாத பிள்ளை.

ரெஜான் பதில் சொல்வதற்குப் பதிலாக என்னை முயல் வேட்டைக்கு அழைத்தார். இலையுதிர் காலத்தில் வடக்கே தன் மரவீட்டுக்கு நான் வர வேண்டுமாம், வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவோமாம், ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளலாமாம். உங்களுக்கு வில் பழக்கமா என்று கேட்டார். எங்கள் கடவுள்களில் பாதிப்பேர் வில் வைத்திருப்பவர்கள் என்றேன். (அது பொய்யில்லை. ஆனால் கேள்விக்குப் பதிலும் இல்லை.) அதுவரை நான் குறிவைத்துக் கொன்ற ஒரே உயிரினம் நுளம்பு. அதையும் கையால்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆரணி காரின் பின்சீற்றில் இருந்து மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, அவரிட்டை எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதையாதேங்கோ. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ, பிளீஸ்.”

நான் சும்மா இருக்கவில்லை. வேட்டைக்காரர் வகுப்புக்குப் போனேன், அத்தாட்சி எடுத்தேன். நகரத்துக்குள் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு தேவாலயத்து நிலவறையில் வில் பழக்குகிற சங்கம் இருந்தது. அங்கே கோடை முழுவதும் வைக்கோல் பலகையைக் குத்தினேன். பயிற்சி அம்புகளுக்குச் சின்னக் கூம்பு முனை. கடைசி மாதங்களில் பலகையின் நடுவட்டத்தை அடிக்கடி தொட்டேன். அதிலிருந்து நடக்கும்போது என் தோள்கள் கொஞ்சம் அகன்றுவிட்டதாகச் சாந்தினி சொன்னாள். புகழ்ந்து சொன்னாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வேட்டைக்கு முனை மாற்ற வேண்டும். மாத்தியூ என்னை ஆற்றின் தென்கரையில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனான். சுவர் நிறைய முனைகள். முயலுக்கு மொட்டை முனைதான் எடுக்க வேண்டும் என்றான். ஒன்று பென்சில் அழிறப்பர் போல உருண்டை ரப்பர். மற்றது மொட்டை இரும்பில் நாலு பக்கமும் கம்பிக் கால்கள் நீட்டிக்கொண்டு இருப்பது. குறி தப்பினால் அந்தக் கால்கள் புல்லில் கொளுவி அம்பை நிறுத்திவிடுமாம், இல்லாவிட்டால் அம்பு சருகுக்குக் கீழே ஓடித் தொலைந்துபோகுமாம். முயலைப் போன்ற சிறிய பிராணி அடியின் அதிர்ச்சியிலேயே விழுந்துவிடும், வெட்டத் தேவையில்லை, இறைச்சியும் பழுதாகாது என்று அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் தந்து விளக்கினான். நான் தலையாட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அலுமாரி பூட்டியிருந்தது. உள்ளே கறுப்புப் பட்டுத்துணியில் மூன்று அலகு வைத்த முனைகள், ஒவ்வொரு அலகும் சவர அலகு போல மினுங்கியது. நான் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ஒரு திருகாணியில் மயிரளவு பிழை இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்ட என் மூளை அன்று சொன்னது என்னவென்றால், பூட்டி வைத்திருப்பது திறந்து கிடப்பதைவிட நல்லதாகத்தான் இருக்கும் என்பது. நகைக்கடையில் பழகிய மூளை, என்ன செய்வது.

மாத்தியூ சொன்ன மொட்டை முனைகளில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாந்தினியிடம் காட்டினேன். அவள் ரப்பர் முனையை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, உது பற்பசை மூடி மாதிரியெல்லோ கிடக்கு. உதைக் கொண்டுபோய்ச் சம்பந்திக்கு வைக்கிற தட்டத்திலை வைக்க ஏலுமே?”

அதுவரை தட்டம் என்ற யோசனையே எனக்கு இல்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு, தட்டம் இல்லாமல் போவது எப்படி என்று ஆகிவிட்டது. சம்பந்தி வீட்டுக்கு முதல்முதல் தங்கப் போகிறேன். வெற்றிலை, பழம், தேங்காய் வைத்து, அவருக்குப் பிரியமான பொருள் ஒன்றையும் வைக்க வேண்டாமா? அடுத்த நாள் தனியே கடைக்குப் போனேன். அலுமாரியைத் திறப்பித்து இரண்டு பெட்டி எடுத்தேன், எனக்கொன்று, அவருக்கொன்று. கடைக்காரர் இது எதை அடிக்க என்று கேட்டார். சம்பந்திக்குப் பிரெஞ்சில் சொல் இல்லையே. என் மகளின் மாமனாருக்கு என்றேன். அவர் பெட்டியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.

வேட்டை நாள் விடிந்தது. காட்டு ஓரத்து மரவீட்டின் முன்னால் ரெஜானும் மாத்தியூவும் நின்றார்கள். ரெஜான் இரவே வெங்காயமும் கரட்டும் பன்றிக் கொழுப்பும் வதக்கிப் பெரிய சட்டியைத் தயாராக வைத்திருந்தார், முயல் மட்டும்தான் குறை என்றார். நான் காரில் இருந்து தட்டத்தை இறக்கி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். வெற்றிலை குளிரில் விறைத்திருந்தது. பெட்டிகள் இரண்டுக்கும் சாந்தினி சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டிருந்தாள். ரெஜானைக் கிழக்குப் பக்கம் பார்க்க நிற்கச் சொல்லி, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கினார். பெட்டியைத் திறந்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். மாத்தியூ எதையோ சொல்ல வாயைத் திறந்தான், தகப்பன் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். பிறகு ரெஜான் படியில் உட்கார்ந்து, தன் அம்புகளில் இருந்த ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, நான் கொடுத்தவற்றைப் பூட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தரம் தெரிந்த மனிதர் என்று நினைத்தேன்.

முதல் முயல் பாதி மண்ணிறமும் பாதி வெள்ளையுமாகப் பற்றைக்குள் இருந்தது. ரெஜான் எய்தார். முயல் ஒரு துள்ளுத் துள்ளியது, அம்பு அதன் கீழால் சருகுக்குள் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. மூன்று பேரும் நாலு காலில் தேடினோம், அதுவும் சவர அலகைத் தேடுகிற பயத்தில் விரலை நீட்டாமல் குச்சியால் தேடினோம். அகப்படவில்லை. அடுத்த அம்பு ஒரு பேர்ச் மரத்தில் ஆழமாக இறங்கி, அம்புத்தண்டு முறிந்ததுதான் மிச்சம். அதற்கடுத்தது எங்கே போனது என்று அந்தக் காட்டுக்குத்தான் தெரியும். ஒரே அம்புகளை ஆண்டுக்கணக்காக வைத்துப் பாவித்த மனிதரின் தூணி மத்தியானத்துக்குள் காலியாகிவிட்டது. அவர் வெறும் தூணியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால், இந்த வருடம் சருகு கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது, ரெஜானின் வாகனம் நிறுத்தியிருந்த இடத்தில் ஒரு முயல் குந்தியிருந்தது. வானம் எனக்கு அனுப்பி வைத்தது போல அப்படி ஒரு முயல். ரெஜான் என் தோளைத் தொட்டு, வேண்டாம், பின்னால் வாகனம் என்று கிசுகிசுத்தார். நான் கோடை முழுவதும் நடுவட்டத்தைத் தொட்டவன். அகன்ற அலகு காற்றில் கூம்பு முனை போகிற வழியில் போகாது என்பது எனக்குத் தெரியாது. எய்தேன்.

முயலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வாகனத்தின் பின்பக்க ரயர் நீளமாக மூச்சு விட்டது. முயல் எழும்பி, ரயரைப் பார்த்து, என்னைப் பார்த்து, அவசரமில்லாமல் நடந்து போனது. ஓடியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

மாத்தியூ அம்பைப் பிடுங்க, நானும் ரெஜானும் சேற்றில் முழந்தாளிட்டு மாற்றுச் சில்லைப் பூட்டினோம். என் மூளைக்குள் ஆரணி கூறைச்சேலையோடு நிற்கிறாள், பக்கத்தில் ஒரு தகப்பன் மட்டும். மூஸ் என்கிற, குதிரையைவிடப் பெரிய கொம்புமானை அடிக்கிற முனை அது என்று மாத்தியூ அப்போதுதான் எனக்கு மெல்லச் சொன்னான். மொட்டை முனையாக இருந்தால் ரயரில் பட்டுத் தெறித்திருக்குமாம்.

சட்டியில் முயல் விழவில்லை. சாந்தினி கட்டித்தந்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும், ரெஜானின் வெங்காயத்தையும் கரட்டையும் கலந்து தின்றோம். கடைசியில் கேட்டேன், அந்த முனை பிழை என்று உங்களுக்கு எப்போது தெரியும்?

“பெட்டியைத் திறந்தவுடனே தெரியும்” என்றார்.

“பிறகு ஏன் பூட்டினீர்கள்?”

ரெஜான் மாத்தியூவைக் காட்டினார். “இவன் முன்னால், நீங்கள் இரண்டு கையால் கொண்டுவந்து தந்த பொருளைப் பிழை என்று எப்படிச் சொல்வேன்? என் முன்னால் நீங்கள் ஒரு நாள் முட்டாளாக நின்றீர்கள். உங்கள் ஆட்கள் முன்னால் ஒரு நாள் மேல்சட்டை இல்லாமல் நான் நிற்கிறேன். கணக்குச் சரி.”

நான் தலையைக் குனிந்து புட்டைக் கிளறினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கல்யாணத்துக்கு அவருக்கு வேட்டி வாங்கும் பொறுப்பை நானே எடுத்தேன். (ஆம், மறுபடியும் நான்தான்.) கடையில் ஆக அகலமான சரிகைக் கரை எதுவோ, அது. விறைப்பான பட்டு. ரெஜான் அதைக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு, சால்வையோடு, பலகைக்குள் நடப்பது போல மணவறைக்கு வந்தார். அவர் திரும்பிய பிறகு சிறிது நேரம் கழித்துத்தான் வேட்டி திரும்பியது. தாலி கட்டுவதற்குச் சற்று முன் நாதஸ்வரம் ஓய்ந்த அமைதியில், அவர் என் பக்கம் சாய்ந்து, சம்பந்தி என்பதை மட்டும் தமிழில் சொல்லி, மற்றதைப் பிரெஞ்சில் கேட்டார், சபைக்கே கேட்டது:

“சம்பந்தி, இதுவும் மூஸுக்கு வாங்கியதா?”

மாத்தியூ சிரிப்பில் குலுங்கினான். ஆரணி மாலைக்குள் முகத்தைப் புதைத்தாள். ஐயர் தாலித் தட்டத்தைப் பிடித்தபடி, அவர்கள் அடங்கும்வரை காத்து நின்றார். கல்யாண வீடியோவில் மந்திரத்தைவிட அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்கிறது. அன்றிலிருந்து நான் எதை வாங்கிக்கொண்டு வீட்டுப்படி ஏறினாலும், பேரனின் சப்பாத்தானாலும் கறிச்சட்டியானாலும், சாந்தினி பையை எட்டிப் பார்த்து, “உது ஆருக்கு? மூஸுக்கோ?” என்றுதான் கேட்பாள்.

கேட்கட்டும். கல்யாணத்தன்று கடைசிப் பந்தியும் எழுந்து, மண்டபம் கூட்டி முடிந்த பிறகும், ரெஜான் உடுப்பு மாற்றவில்லை. அந்த வேட்டியோடுதான் பாலம் தாண்டி லொங்குய்வரை கார் ஓட்டிப் போனார்.